பிடித்தம் இல்லாத சம்பளம்

என் அக்கா மகன் சென்னையில் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். போன மாதம் வந்திருந்தபோது கைப்பேசியில் அந்த வாரக் கணக்கைக் காட்டினான். எத்தனை ஆர்டர், எத்தனை கிலோமீட்டர், மழைநாள் ஊக்கத்தொகை எவ்வளவு என்று எல்லாம் வரிசையாக இருந்தன. "பாருங்கள் மாமா, ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் கிடையாது. வந்தது வந்தபடி கைக்கு" என்றான். குரலில் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை எனக்குப் புதிதல்ல. ஆறு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் இருந்துவிட்டு மொழிபெயர்ப்பைத் தனித்தொழிலாக எடுத்துக்கொண்டபோது, சம்பளச் சீட்டில் 'பிடித்தங்கள்' என்ற கட்டம் இனி இல்லை என்று மகிழ்ந்தவன் நான். பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்திருந்ததை முழுவதும் எடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். வண்டியை விற்றுப் பல காலம் ஆகிறது. அந்தப் பணம் கணக்கிலேயே கிடந்திருந்தால் எவ்வளவாகியிருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுமுறை பார்க்கவில்லை.

யாருக்கும் பிடிக்காத ஒன்றுக்குப் பிடித்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான், அது இல்லாதவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது புரியும். அன்று மருமகனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வாடகைக் கார் ஓட்டுபவர், வீட்டிலிருந்து வரைகலை செய்பவர், ட்யூஷன் எடுப்பவர், என்னைப் போல் சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குபவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

சம்பளச் சீட்டுக்குள் ஒரு பார்வை

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பி.எஃப். என்று பிடிக்கிறார்கள். அவர் கண்ணில் படுவது இந்த 1,800 மட்டும்தான். நிறுவனம் தன் பங்காக இன்னொரு 1,800 போடுகிறது. அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 550 அவருடைய பி.எஃப். கணக்கில் சேர்கிறது.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடும் உண்டு. தொழிலாளி தருவது 0.75 சதவீதம், நிறுவனம் தருவது 3.25 சதவீதம். 20,000 ரூபாய் வாங்குபவர் 150 ரூபாய் கட்டினால் நிறுவனம் 650 ரூபாய் கட்டுகிறது. இதற்குப் பதிலாக அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் வருகிறது. வேலையில் அடிபட்டு ஊனமானால் மாதாமாதம் ஒரு தொகை உண்டு. இவை போக, ஐந்து ஆண்டு முடித்து விலகினால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் இருக்கிறது.

கூர்ந்து பார்த்தால் இந்த ஏற்பாடு நான்கு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. முதலாவது, கட்டாயப்படுத்துவது: பணம் கைக்கு வருவதற்கு முன்பே ஒதுங்கிவிடுகிறது, மன உறுதி தேவைப்படுவதில்லை. இரண்டாவது, இன்னொருவரின் பையிலிருந்தும் நமக்காகப் பணம் போட வைப்பது. மூன்றாவது, ஒருவருக்கு வரும் பெரிய அடியைப் பல லட்சம் பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது. நான்காவது, எத்தனை வயதுவரை இருந்தாலும் மாதம் பிறந்தால் ஒரு தொகை வருவது. மருமகனின் கைப்பேசித் திரையில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

இந்த நான்கையும் 'சேமிப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. தனித்தொழில் செய்பவர்களிடம் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பேசினால், "மாதம் கொஞ்சம் போட்டு வைக்கிறேன், இடம் ஒன்று வாங்கியிருக்கிறேன்" என்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது முதல் வேலைக்கு மட்டுமே பதில்.

சீட்டும் மொய்யும் காப்பீடு ஆகுமா

நம் ஊரில் பணத்தைப் பொதுவில் போட்டு எடுக்கும் பழக்கம் பழையது. சீட்டுப் போடுகிறோம், மொய் எழுதுகிறோம். காப்பீடு என்பதும் இப்படி ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவேதான், ஆண்டுக்கு ஆண்டு கட்டி ஒன்றும் நடக்கவில்லையென்றால் "கட்டிய பணம் திரும்பி வருமா?" என்ற கேள்வி எழுகிறது.

சீட்டு என்பது சேமிப்பும் கடனும் கலந்தது. இருபது பேர் போட்டால் இருபது பேருக்கும் முறை வரும். முன்னால் எடுப்பவர் தள்ளி எடுக்கிறார், பின்னால் எடுப்பவர் கூட்டி எடுக்கிறார். மொய் என்பது கைமாற்று. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தில் லட்சக்கணக்கில் வசூலானாலும் ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் ஏறியிருக்கும். திருப்பிச் செய்யாவிட்டால் உறவில் விரிசல் விழும். இரண்டிலும் போட்டவருக்குப் போட்டது வந்து சேர வேண்டும் என்பதுதான் நியதி.

காப்பீட்டில் அந்த நியதி தலைகீழ். ஆயிரம் பேர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டால் ஐந்து லட்சம். அந்த ஆண்டு இருவருக்குக் கால் முறிந்தால் அந்த இருவருக்கே அது போகும். மற்ற 998 பேருக்கு ஒன்றும் கிடையாது, கிடைக்கவும் கூடாது. எல்லோருக்கும் போட்டது திரும்பி வர வேண்டும் என்றால், அந்த இருவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. கட்டியது வீணாய்ப் போன ஆண்டு நமக்கு நல்ல ஆண்டு.

நான்காவது வேலையும் இதே வகைதான். ஓய்வுக்காலக் கணக்கின் மூலச் சிக்கல், எத்தனை வருடம் இருப்போம் என்று யாருக்கும் தெரியாது என்பது. 60 வயதில் 30 லட்சம் ரூபாயோடு உட்காருபவர் 75 வரை இருந்தால் தாராளமாகச் செலவழிக்கலாம். 95 வரை இருந்தால் பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இழுத்துப் பிடித்தே வாழ்ந்து, பாதிப் பணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பல லட்சம் பேரின் பணம் ஒரே குடத்தில் இருந்தால், சீக்கிரம் போனவர்களின் மிச்சம் நெடுநாள் இருப்பவர்களின் மாதத் தொகையாகிறது. ஜெர்மனியில் 1889இல் பிஸ்மார்க் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வயது வரம்பு 70. அந்த வயதைத் தொட்டவர்களே அப்போது குறைவு. அரசின் கணக்கும் எளிதாக இருந்தது. இன்று தெருவுக்குத் தெரு எண்பது கடந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, பணத்தை ஒதுக்குவது தனியாள் செய்யக்கூடியது. விபத்தையும் நோயையும் நீண்ட ஆயுளையும் பங்கு போட்டுக்கொள்வதைத் தனியாள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் செய்ய முடியாது; அதற்குக் கூட்டம் வேண்டும். தனித்தொழில் செய்பவரின் முதல் பணமே அந்தக் கூட்டத்தில் நுழையும் நுழைவுச் சீட்டுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. சேமிப்பு அதற்குப் பிறகு.

முதலில் உடம்பு

மருமகனிடம் முதலில் கேட்டது சேமிப்பைப் பற்றி அல்ல, வண்டியைப் பற்றி. வண்டி யார் பேரில் இருக்கிறது? அவன் அப்பா பேரில். இருசக்கர வாகனக் காப்பீட்டோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது மட்டும் அவருக்குப் பொருந்தும். நாள் முழுவதும் சாலையில் இருக்கும் பையனுக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் அப்பாவுக்குக் காப்பு இருக்கிறது. அந்தக் காப்பீட்டை நான்கு ஆண்டுகளாகப் புதுப்பித்து வருகிறார்கள், யாரும் கவனிக்கவில்லை.

வங்கிக் கணக்கு இருந்தால் மத்திய அரசின் இரண்டு எளிய திட்டங்களில் சேரலாம். பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமானாலோ 2 லட்சம். ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டுக்கும் காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. புதுப்பிக்கும் சமயத்தில் பணம் தானாகக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். வருமானம் ஏறி இறங்குபவர்களுக்கு இங்கேதான் ஆபத்து. மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால் காப்பு நின்றுவிடும். நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டிய தேதி அது. இரண்டு லட்சம் பெரிய தொகை அல்ல என்பதும் உண்மை. குடும்பம் உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால், தனியாக ஒரு டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, எடுப்பதுதான் முறை.

மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. இணைய நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களை, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்து, ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்புக்குள் கொண்டுவருவதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பவர்கள், அதாவது ஏழையும் அல்லாத வசதியும் அல்லாத என்னைப் போன்றவர்கள், காசு கொடுத்துத்தான் பாலிசி வாங்க வேண்டும். தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. இளவயதில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் பிரீமியம் குறைவு என்பது மட்டுமல்ல. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம் என்பது விதி. சர்க்கரை வந்த பிறகு பாலிசி தேடினால் அந்த மூன்று ஆண்டுகளும் நம் கைக்காசுதான்.

இன்னொன்று, படுத்துக்கொண்டால் வருமானம் நிற்பது. மருத்துவமனைச் செலவைப் பாலிசி கொடுக்கும், வீட்டு வாடகையைக் கொடுக்காது. ஈ.எஸ்.ஐ. 91 நாள் தாங்குகிறது என்று மேலே பார்த்தோமே, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: மூன்று மாதக் குடும்பச் செலவு, சாதாரண வங்கிக் கணக்கில், தொடாமல். இதற்கு வட்டி பார்க்கக் கூடாது. இதைச் சேர்த்த பிறகுதான் முதுமையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. அவசரத்துக்குக் கையில் ஒன்றுமில்லாமல் ஓய்வூதியத் திட்டத்தில் பணம் போடுபவர், முதல் நெருக்கடியிலேயே அதை உடைப்பார் அல்லது நகையை அடகு வைப்பார்.

வறண்ட மாதத்தைத் தாங்கும் திட்டம் எது

முதுமைக்கான திட்டங்களை வட்டி விகிதத்தை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. நமக்கு வேறொரு கேள்வி முக்கியம்: ஒன்றுமே வராத மாதத்தில் அந்தத் திட்டம் நம்மை என்ன செய்யும்?

அடல் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015இல் தொடங்கியது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 60 வயதிலிருந்து மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நாம் தேர்ந்தெடுக்கும் தொகை, உத்தரவாதத்துடன் வரும். நமக்குப் பின் கணவனுக்கோ மனைவிக்கோ அதே தொகை. இருவருக்கும் பின் வாரிசுக்குச் சேர்ந்த பணம். 25 வயதுக்காரர் 5,000 ரூபாய் ஓய்வூதியம் பெற மாதம் 376 ரூபாய் கட்ட வேண்டும். 40 வயதில் சேர்ந்தால் அதுவே 1,454. மாதாமாதம் இல்லாமல் காலாண்டுக்கோ அரையாண்டுக்கோ ஒரு முறை கட்டலாம் என்பது நமக்கு வசதி. வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர முடியாது.

திட்டம் நல்லது, தொகைதான் சின்னது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று 25 வயதில் இருப்பவருக்கு 35 ஆண்டு கழித்து வரும் 5,000 ரூபாய், இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 900 ரூபாய். மருமகன் ஒரு வாரத்தில் பெட்ரோலுக்கு விடும் பணம். அரிசியும் பருப்பும் வாங்க உதவும், வாடகைக்கு ஆகாது. ஆகவே சேருங்கள், ஆனால் இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

மாத வருமானம் 15,000க்குள் இருப்பவர்களுக்கு 2019இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் வேறொரு சிறப்பு உண்டு: நாம் போடும் அளவு அரசும் போடுகிறது. 18 வயதுக்காரருக்கு மாதம் 55 ரூபாய், 29 வயதுக்காரருக்கு 100, 40 வயதுக்காரருக்கு 200. 60க்குப் பிறகு மாதம் 3,000. பிடித்தத்தின் இரண்டாவது வேலை, அதாவது பிறர் பங்கு, சின்ன அளவிலாவது இங்கே இருக்கிறது.

என் விருப்பம் அஞ்சலகத்திலும் வங்கியிலும் யாரும் தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பெரிய வேலை ஒன்றுக்குப் பணம் வந்த மாதத்தில் முப்பதாயிரம் போட்டுவிட்டு அடுத்த ஏழு மாதம் சும்மா இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதத்தில் நிற்கிறது. ஒவ்வொரு ஆண்டும் தொடக்கத்தில் 12,000 ரூபாய் போட்டால், இந்த வட்டியில் 15 ஆண்டு முடிவில் ஏறத்தாழ 3.25 லட்சம் வரும், போட்டது 1.8 லட்சம். வட்டிக்கு வரி இல்லை. இன்னொரு குணம் பலருக்குத் தெரியாது: கடனுக்காக நீதிமன்றம்கூட இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. தொழில் நொடித்தாலும் முதுமைக்கென்று வைத்தது தப்பிக்கும். 15 ஆண்டு பூட்டு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். என் மோட்டார் சைக்கிள் கதையைப் படித்தவர்களுக்கு அது குறை அல்ல என்று விளங்கும்.

ஆனால் பி.பி.எஃப். நான்காவது வேலையைச் செய்யாது. முடிவில் மொத்தமாகக் கையில் கொடுத்துவிடும். அதற்கு என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கென்று தொடங்கியதை 2009 மே முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். பணத்தின் ஒரு பகுதி பங்குச் சந்தைக்கும் போவதால் ஏற்ற இறக்கம் உண்டு. முப்பது வயதுக்காரர் இதற்குப் பயப்படத் தேவையில்லை, ஐம்பத்தெட்டு வயதுக்காரர் பயப்படலாம். 60இல் ஒரு பங்கைக் கொண்டு, ஆயுள் முழுவதும் மாதத் தொகை தரும் ஆனுவிட்டி வாங்கியாக வேண்டும். அந்தப் பங்கு நெடுங்காலம் 40 சதவீதமாக இருந்தது. அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு 2025 டிசம்பரில் 20 ஆகக் குறைத்தார்கள். எல்லோரும் இதை வரவேற்றார்கள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. 60 வயதில் மொத்தமாக வரும் பணத்துக்கு வீட்டிலேயே ஆயிரம் கைகள் நீளும். மாதாமாதம் வருவதைக் கேட்க யாருக்கும் மனம் வராது.

முதலில் அலுவலக வேலையில் இருந்து பிறகு தனித்தொழிலுக்கு வந்தவர்கள் பழைய பி.எஃப். கணக்கை உடைக்காதீர்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு அதில் 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். அதோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டுப் பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம். ஆறேழு ஆண்டுகளோடு விலகினால், அந்தத் தொகையை எடுத்துவிடாமல் பணிக்காலச் சான்றிதழ் வாங்கி வைக்கலாம். பின்னால் எப்போதாவது மறுபடி வேலையில் சேர்ந்தால் அந்த ஆண்டுகள் கணக்கில் கூடும்.

பிடித்தத்தை நாமே பிடிப்பது

மாதம் இவ்வளவு என்று தீர்மானித்தால் தனித்தொழிலில் இரண்டு மாதம்கூட நிற்காது. விகிதம்தான் நிற்கும். வருகிற ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒன்றை, வந்த அன்றே, வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்கவில்லை. களத்தில் நெல் அளக்கும்போதே விதைநெல்லைத் தனியாகக் கட்டி வைத்துவிடுவார்கள் அல்லவா, குதிரில் கொட்டிய பிறகு பிரிப்பதில்லை.

நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுப்பவர்களுக்கு இன்னொரு வழி தானாக அமைந்திருக்கிறது. தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை வரி என்று முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்தபின் அது மொத்தமாகத் திரும்பி வரும். அதை எதிர்பாராமல் கிடைத்த பணம் என்று நினைத்துக் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறோம். அது நம்முடைய ஓராண்டுப் பிடித்தம். வந்த வழியே பி.பி.எஃப்.புக்கு அனுப்பிவிடலாம்.

பிறர் பங்கை எங்கே தேடுவது? கட்டணத்தில்தான். நிறுவனம் பி.எஃப்.புக்குப் போடும் 12, ஈ.எஸ்.ஐ.க்குப் போடும் 3.25, பணிக்கொடைக்கு ஒதுக்கும் ஏறத்தாழ 4.8, எல்லாம் சேர்த்தால் அடிப்படைச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வேலையில் வாங்கிய அதே தொகையை இப்போதும் சம்பாதிக்கிறேன் என்று சொல்பவர் உண்மையில் குறைவாகச் சம்பாதிக்கிறார். சொல்லுக்கு 2 ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால், அதில் 33 காசு முதலாளி பங்கு, நீங்கள் வெறும் 1 ரூபாய் 67 காசுக்கு வேலை செய்கிறீர்கள் என்றே கணக்கு வைக்க வேண்டும். பேரம் பேசும்போது இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் குரல் மாறுகிறது, அனுபவத்தில் சொல்கிறேன்.

பங்காளிக்குப் பங்கு

மருமகனால் இப்படிப் பேரம் பேச முடியாது. அவனுக்குக் கட்டணத்தைச் சொல்வது ஒரு செயலி. அதில் அவன் தொழிலாளி அல்ல, 'பார்ட்னர்'. தமிழில் பங்காளி. நம் வழக்கில் பங்காளிக்குச் சொத்தில் பங்கு உண்டு, வரப்புத் தகராறும் உண்டு. இங்கே பெட்ரோல் செலவிலும் பஞ்சர் செலவிலும் மட்டும் முழுப் பங்கு.

முதலாளி யார் என்று காட்ட முடியாத தொழிலாளிக்கு யார் பணம் போடுவது என்ற கேள்வி செயலியோடு பிறந்தது அல்ல. மும்பைச் சந்தைகளில் மூட்டை தூக்குபவர்கள் காலையில் ஒரு கடைக்கும் மாலையில் இன்னொரு கடைக்கும் சுமந்தார்கள். மகாராஷ்டிரம் 1969இல் மாத்தாடி சட்டம் கொண்டுவந்து வாரியம் அமைத்தது. கூலியோடு சேர்த்து ஒரு தீர்வையையும் வியாபாரிகள் வாரியத்தில் கட்ட வேண்டும், அதிலிருந்து வைப்பு நிதியும் பணிக்கொடையும். கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நல நிதிக்கு. ஜெர்மனியில் 1983 முதல் எழுத்தாளர், ஓவியர், இசைக்கலைஞர்களுக்கு ஒரு நிதியம் இருக்கிறது. தனித்தொழில் கலைஞர் பாதியைக் கட்டுகிறார். மீதிப் பாதியைப் பதிப்பகம் போல அவர்களுடைய வேலையை வாங்குபவர்களும் அரசும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் பரிவர்த்தனையைப் பிடி என்பதே இவை எல்லாவற்றின் சூத்திரமும்.

2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதையே செய்கிறது. வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை பார்ப்பவர்களைக் குறிக்கும் கிக் தொழிலாளர் என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டத்தில் முதன்முறையாக வரையறை கொடுத்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் உச்சவரம்பும் வைத்தது. மாநிலங்களில் ராஜஸ்தான் 2023இல் முதலில் தனிச்சட்டம் இயற்றியது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் நலக் கட்டணம். தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம் 2023இல் அமைந்தது. 2020-21இல் நாட்டில் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர் எண்ணிக்கை 2029-30இல் 2.35 கோடியாகும் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டிருக்கிறது. இந்தச் சட்டங்கள் சீக்கிரம் வந்ததாகச் சொல்ல முடியாது.

இதில் என் போன்றவர்களுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. தீர்வை விழுவது செயலி நிறுவனத்தின் மேல். நேரடியாக ஐந்தாறு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கு நடுவில் எந்தச் செயலியும் இல்லை. ஆகவே அவருக்காக யாரும் ஒரு பைசா போடப்போவதில்லை. ஜெர்மன் ஓவியருக்குக் கிடைப்பது இங்கே சுவரெழுத்து எழுதுபவருக்குக் கிடையாது.

மருமகன் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்து பன்னிரண்டு இலக்க எண் வாங்கிவிட்டான். நல வாரியத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறான். வண்டியைத் தன் பேருக்கு மாற்ற அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறான். அதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலையாக இருக்கிறது. போன வாரம் அஞ்சலகத்தில் 500 ரூபாய் கொடுத்து பி.பி.எஃப். தொடங்கினோம். நாமினி கட்டத்தில் அம்மா பெயரை எழுதிவிட்டு, "கல்யாணம் ஆனால் இதை மாற்ற முடியுமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டான். மாற்றலாம் என்றேன். முன்பு அதற்கு ஐம்பது ரூபாய் வாங்கினார்கள், 2025 ஏப்ரலிலிருந்து அதுவும் இல்லை. பெண் பார்த்தாகிவிட்டதா என்று அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.